வெளியே கிளம்பிவிடுபவரைக் காக்க எது உதவும்: பூட்டா, மணியா, ஜிபிஎஸ்ஸா, தெருவா?

மறதி நோய் வந்த அப்பாவோ, ஆட்டிசம் உள்ள மகனோ, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள தங்கையோ இருக்கிற வீட்டில், "இப்பத்தான் இங்க உக்காந்திருந்தாரு, காணோம்" என்ற பேச்சு ஒருமுறையாவது எழுந்திருக்கும். டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோய் உள்ளவர்களில் பத்தில் ஆறு பேர் ஒரு தடவையாவது இப்படிக் கிளம்பிப்போய்விடுகிறார்கள் என்று அமெரிக்காவின் அல்சைமர்ஸ் சங்கம் சொல்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி 2012-இல் அங்கே வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது ஓடிப்போக முயன்றவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர். ஆகவே "நீ சரியாப் பாத்துக்கல" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கதவைப் பூட்டு, கேமரா வை, ஜிபிஎஸ் வாட்ச் வாங்கு, கையில் பச்சை குத்து, ஹோமில் சேர்த்துவிடு. இவற்றை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பணம்தான் போகும். நான் ஒப்பிடுவது நேரத்தை வைத்து: ஆள் வாசலைத் தாண்டினால் எத்தனை நிமிஷத்தில் நமக்குத் தெரியவரும்? சில வழிகள் முதல் நிமிஷத்துக்கு, சில அரை மணி கழித்து, சில ஆள் எங்கோ போய்ச் சேர்ந்த பிறகுதான் பயன்படும். உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் ஓட்டை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கு ஏற்றதை வாங்குங்கள்.

செலவில்லாத வழி முதலில்

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பப் பார்க்கிறார், அதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன சொன்னார். முப்பது வருஷம் மில்லில் ஷிப்ட் பார்த்தவர், ஷிப்ட் நேரம் வந்ததும் சட்டையை மாட்டுவார். சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அவர்கள் தேடுவது பிறந்த வீட்டை. இதுதான் உங்க வீடு என்று வாதம் செய்து யாரும் ஜெயித்ததில்லை. "போகலாம்மா, காபி குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்றால் பாதி நாள் அங்கேயே அடங்கிவிடும். மீதி நாள், கூடவே இறங்கித் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் சரியாகும். ஒன்றுக்கு வருவதையோ பசியையோ சொல்லத் தெரியாமல் எழுந்து நடப்பதும் உண்டு.

பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் ஒன்றைத் தேடி ஓடுவார்கள், இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து தப்பி ஓடுவார்கள். தேடி ஓடுவது தண்ணீராக, ரயிலாக, பிடித்த கடையாக இருக்கலாம். தப்பி ஓடுவது பெரும்பாலும் சத்தத்திலிருந்து. ஆடி மாதம் முழுக்கத் தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறும் ஊர் எங்கள் மதுரை. அந்த நேரம் பையனைக் கடைசி அறையில் ஃபேன் ஓடவிட்டு உட்காரவைப்பது எந்த ஜிபிஎஸ்ஸை விடவும் முன்னதாக வேலை செய்யும்.

பூட்டு

முதல் நிமிஷத்திலேயே தடுப்பது இது ஒன்றுதான். அதனாலேயே எல்லோரும் இதில் ஆரம்பிக்கிறார்கள். கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட இருநூறு ரூபாய்கூட ஆகாது. டிமென்ஷியா உள்ள பலர் வழக்கமாகக் கை போகிற உயரத்தில்தான் தாழைத் தேடுவார்கள். தலைக்கு மேலேயோ காலடியிலோ இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். கதவின் நிறத்திலேயே திரை போடுவது, செருப்பையும் துண்டையும் வாசலில் வைக்காமல் உள்ளே எடுத்து வைப்பது எல்லாம் இதே வகை. துண்டு தோளில் இல்லாமல் தெருவில் இறங்காத தலைமுறை இன்னும் இருக்கிறது. பத்து வயது ஆட்டிசப் பையனிடம் இதெல்லாம் பலிக்காது. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி இரண்டே நாளில் திறந்துவிடுவான்.

பகலில் பூட்டு பெயரளவுக்குத்தான். பால், சிலிண்டர், கூரியர், தண்ணீர் கேன் என்று கதவைத் திறந்துகொண்டே இருக்கிறோம். ஒருமுறை தாழ்போட மறந்தால் போதும். பூட்டியே வைத்தால் கோபம் ஏறிக் கதவை உலுக்குவார்கள். ஆகவே என் கணக்கில் பூட்டு ராத்திரிக்கு மட்டும், அதுவும் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போது மட்டும், சாவி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருந்தால் மட்டும். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவது கூடவே கூடாது. கேஸ் அடுப்பு உள்ள வீடு.

கட்டிவைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிராமங்களில் இன்னும் அது காதில் விழுகிறது. இங்கிருந்து ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. இதை ஒப்பீட்டில் ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை.

மணி

கதவு திறந்ததும் சத்தம் போடும் காந்த சென்சார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு துண்டு கதவில், இன்னொன்று நிலையில்; இரண்டும் விலகினால் மணி அடிக்கும். அந்தக் காசும் வேண்டாம் என்றால் கதவின் கொண்டியில் ஒரு சலங்கைக் கயிறு. ராத்திரிக்கு இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். யாரையும் அடைத்துவைக்காமல், முதல் நிமிஷத்திலேயே உங்களை எழுப்பிவிடும்.

பகலில் அடிக்கடி அடித்து, நாளாக ஆக அது காதில் விழாமலே போகும் என்பது இதன் குறை. இன்னொன்று, சத்தம் ஆகாத பிள்ளை இருக்கிற வீட்டில் வாசலில் மணி வைத்தால் அவன் பயந்து இன்னும் வேகமாக ஓடுவான். அங்கே பெற்றோர் படுக்கும் அறையில் மட்டும் ஒலிக்கிற, ரிசீவர் தனியாக வருகிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும். பேட்டரியை மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காலண்டரில் அமாவாசைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவைத்தால் மறக்காது.

சிசிடிவி கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனவர் எந்தச் சட்டை போட்டிருந்தார், இடப்பக்கம் திரும்பினாரா வலப்பக்கமா என்று போன பிறகு காட்டும். அது உதவிதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கருவிகள்

கடையில் "ட்ராக்கர்" என்று சொல்லி விற்பதில் இரண்டு வெவ்வேறு சாதனங்கள் இருக்கின்றன. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

ஆப்பிளின் ஏர்டேக் மாதிரியான ப்ளூடூத் வில்லைக்குச் சொந்தமாக ஜிபிஎஸ்ஸும் கிடையாது, சிம்மும் கிடையாது. பக்கத்தில் கடந்துபோகும் அடுத்தவர் போன்கள் அதைக் கவனித்து இடத்தைத் தெரியப்படுத்தும். ஏர்டேக்குக்கு ஐபோன்கள் வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களை நம்பி ஓடும் டேக்குகளும் இப்போது இருக்கின்றன. இதன் பெரிய வரம் பேட்டரி. ஏர்டேக்கின் பொத்தான் பேட்டரி ஒரு வருஷத்துக்கு மேல் வரும், சார்ஜ் போட மறக்கும் பேச்சே இல்லை. சின்னதாக இருப்பதால் கால்சட்டையின் இடுப்புப் பட்டியிலோ ஜாக்கெட் ஓரத்திலோ வைத்துத் தைத்துவிடலாம். ஆனால் மாசி வீதியில் வேலை செய்வது வாடிப்பட்டிப் பக்கம் வயக்காட்டில் வேலை செய்யாது; அங்கே கடந்துபோக ஆளும் இல்லை, போனும் இல்லை. இது பொருள்களுக்குத்தான், ஆட்களைப் பின்தொடர அல்ல என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, சிம் போடுகிற ஜிபிஎஸ் வாட்ச் அல்லது டாலர். வானத்திலிருந்து இடத்தைப் பிடித்து, மொபைல் நெட்வொர்க் வழியாக உங்கள் போனுக்கு அனுப்பும். வீட்டைச் சுற்றி ஒரு எல்லை குறித்துவைத்தால், ஆள் தாண்டியதும் போன் கூவும். வயக்காடோ கண்மாய்க்கரையோ, சிக்னல் இருந்தால் காட்டிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் போடும் நேரத்தில் அது கையில் இருக்காது, ஆள் கிளம்புவதும் அப்போதாகத்தான் இருக்கும். பழைய ஊருக்குள் மாடிகள் நெருக்கி நிற்கும் சந்துகளில் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். கல் மண்டபத்துக்குள் போனால் மறைந்தே போகும். இன்னொரு முக்கியமான விஷயம்: மலிவான வாட்சுகள் பல 2ஜியில் ஓடுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது. வீட்டில் எல்லோரும் ஜியோ என்பதற்காக அந்த சிம்மையே போட்டால், வாட்ச் வெறும் மணிக்கூண்டுதான். 4ஜி என்று அட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியையும் யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெரியவருக்கு இப்படி ஒரு வாட்ச் வாங்கினார்கள். அவர் ஆயுசு முழுக்க இடது கையில் கட்டியது சாவி கொடுக்கிற பழைய வாட்ச். புதிதைக் கட்டிவிட்டால் அரை மணியில் கழற்றி, அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவார். போனில் பார்த்தால் ஆள் வீட்டில்தான் இருப்பதாகக் காட்டும். கடைசியில் பெல்ட்டில் கோர்க்கிற மாதிரி ஒன்றை வாங்கி, அவருடைய பச்சை பெல்ட்டுக்கு உள்பக்கம் பை தைத்து வைத்த பிறகு சரியானது. கருவியை வாங்குமுன், அவர் எதைக் கழற்றமாட்டார் என்று பாருங்கள். பெல்ட்டா, அரைஞாணா, கண்ணாடியா, தாலியா, பள்ளி ஐடி கார்டா? கருவி அங்கேதான் போக வேண்டும். வாங்கியதும், வீட்டில் ஒருவர் அதை வைத்துக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போய் நிற்கட்டும். இன்னொருவர் போனைப் பார்த்துத் தேடிப் பிடிக்கட்டும். இந்த ஒத்திகை பார்க்காத ட்ராக்கரை நம்பாதீர்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில், முக்கியமாக அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, எந்தக் கருவியையும் நம்பி வெளியே அழைத்துப் போக வேண்டாம். அந்தக் கூட்டத்தில் போனே லைன் கிடைக்காது. டிவியில் பார்த்தால் போதும்.

உடம்பில் ஒரு நம்பர்

இது முதல் நிமிஷத்துக்கு உதவாது. ஆள் போய், யாரோ ஒரு நல்ல மனுஷர் கண்ணில் பட்ட பிறகுதான் உதவும். ஆனால் பேட்டரியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். ஆகவே வேறு எது செய்தாலும் செய்யாவிட்டாலும் இது இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் எழுத்து வெட்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஒரு வெள்ளிக் காப்பிலோ ஸ்டீல் வளையத்திலோ இரண்டு போன் நம்பர், "மதுரை", "ஞாபக மறதி உண்டு" — இவ்வளவு போதும். வீட்டு விலாசம் வேண்டாம். அதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக்கு வரலாம். வெள்ளி கனமாக இருந்தால் அதற்காகவே ஒருவர் கழற்றிப் போவார், ஆகவே நான் ஸ்டீலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அதோடு எல்லாச் சட்டையின் காலர் உள்பக்கமும் அழியாத மையில் நம்பர். சலவைக்குறி போடுகிற இடம்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் அதன் நகல் ஒன்று பையில்.

பச்சை குத்துவது பற்றிக் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நம்பர் மாறும், தோல் மாறாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒருவர் உடம்பில் ஊசியால் எழுதுவதும் மனசுக்கு ஒப்பவில்லை. எதையும் பிய்த்து எறிகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் செய்த பெற்றோரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

தெரு

மதுரையில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது இதில்தான். ஆள் கிளம்பி இரண்டாவது நிமிஷம் தெருமுனை டீக்கடையைத் தாண்டுவார், ஐந்தாவது நிமிஷம் ஆட்டோ ஸ்டாண்டை, பத்தாவது நிமிஷம் பஸ் ஸ்டாப்பில் பூ கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவை. இந்த மூன்று பேரிடமும் போட்டோவைக் காட்டி, நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு வருவதற்கு ஒரு டீ செலவு. "அண்ணே, எங்கப்பாவுக்கு ஞாபக மறதி. தனியா இந்தப் பக்கம் வந்தா, 'வாங்கய்யா, டீ குடிச்சிட்டுப் போங்க'ன்னு உக்கார வச்சுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொன்னால் முடிந்தது. கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், குறுக்கே நின்று அதட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு வெட்கப்பட்டுப் பலர் மறைக்கிறார்கள். மறைத்தால் தெருவில் எல்லோரும் அவரைப் பார்த்து, "வாக்கிங் போறாரு" என்று வழிவிடுவார்கள்.

ஒரு விலக்கு உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெண் பிள்ளையைப் பற்றி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைக்காதீர்கள். அது அவளுக்கே ஆபத்தாக முடியலாம். நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பெண்களிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னால் போதும்.

தெருவைத் தாண்டினால் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்தான், ஆனால் மறதி உள்ள அம்மாவுக்குக் கையில் காசில்லாமலே அழகர்கோவில், திருமங்கலம், மேலூர் எல்லாம் திறந்து கிடக்கின்றன. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். காசில்லாத அப்பா கேள்வி கேட்கப்படுவார், அம்மா கேட்கப்படமாட்டார். ஆகவே அம்மாவுக்கு நம்பர் எழுதிய காப்பும், சிக்னலில் ஓடும் ஜிபிஎஸ்ஸும் அப்பாவைவிட அவசியம். டவுன் பஸ் நேராக மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டால், அங்கிருந்து எந்த ஊருக்கும் வண்டி இருக்கிறது.

ஆள் வைப்பது, ஹோம், மாத்திரை

கூடவே ஒரு ஆள் இருப்பதற்கு இணை எதுவும் இல்லை. கையைக் கடிப்பது மாதச் சம்பளம். முழு நாளுக்கு முடியாவிட்டால், நோட்டில் எழுதியதை எடுத்துப் பாருங்கள். கிளம்புகிற நேரம் பெரும்பாலும் சாயங்காலம் நாலிலிருந்து எட்டு என்றால் அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் ஆள் வையுங்கள். ஹோமில் சேர்ப்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் சேர்க்கும் முன் "எப்படிப் பாத்துக்குவீங்க" என்று கேட்காதீர்கள். "ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர், கதவை எப்படிப் பூட்டுவீங்க, தீப்பிடிச்சா எந்த வழி" என்று கேளுங்கள். தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பது கடைசியிலும் கடைசி. கால் தள்ளாடி விழுவார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே பெட்டி கட்டி எச்சரித்திருக்கிறது. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவிலோ உங்கள் டாக்டரிடமோ கேட்காமல் மெடிக்கலில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எந்த வீட்டுக்கு எது

டவுனுக்குள் தனி வீடு, டிமென்ஷியா உள்ள அப்பா என்றால்: ராத்திரிக்கு மணி, கையில் ஸ்டீல் காப்பு, டீக்கடையிலும் ஸ்டாண்டிலும் ஒரு வார்த்தை. இது ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், ட்ராக்கர் அப்புறம். அம்மா என்றால் ட்ராக்கர் முதல் வாரத்திலேயே.

கிராமத்தில், கண்மாயோ பெரியாறு கால்வாயோ திறந்த கிணறோ பக்கத்தில் இருந்து, தண்ணீரைக் கண்டால் ஓடுகிற பிள்ளை இருந்தால் வரிசையே மாறும். இங்கே முதல் நிமிஷம்தான் எல்லாம். தண்ணீரில் விழுந்த பிறகு ட்ராக்கர் புள்ளியைக் காட்டி என்ன பயன்? வாசலுக்கு வெளியே பூட்டுள்ள கேட் அல்லது வேலி, கதவில் மணி, கிணற்றுக்கு மூடி, அப்புறம் நீச்சல் சொல்லிக்கொடுப்பது. ஜிபிஎஸ் அதற்குப் பின்னால்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டிதான் உங்கள் தெரு. ஷிப்ட் மாறும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

போய்விட்டால்

தினமும் காலையில் அன்றைய உடுப்போடு போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்த நேரத்தில் கைகொடுக்கும். நாமே தேடுவது பதினைந்து நிமிஷம் மட்டும். அதற்குள் கிடைக்காவிட்டால் 112 அல்லது 100. 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்று யாராவது சொன்னால் அப்படி ஒரு விதியே இல்லை. பிள்ளையானால் முதலில் ஆளை அனுப்ப வேண்டியது தண்ணீர் உள்ள இடங்களுக்கு, பிறகுதான் கடைகளுக்கு. குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567, ரயில் ஏறியிருப்பார் என்று தோன்றினால் 139. மீனாட்சி கோயிலைச் சுற்றிய வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரமாகப் போகின்றன. சுற்றிச் சுற்றி வருகிறவரைப் பின்னாலேயே தொடர்ந்தால் பிடிக்க முடியாது, இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் போங்கள். ஒருவர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கும், ஒருவர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கும். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தானாகத் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

வழிதவறி அலைகிற மனநலம் பாதித்தவரைப் போலீஸ் பார்த்தால், காணாமல்போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டியது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆகவே பக்கத்து ஸ்டேஷன்களில் முன்கூட்டியே ஒரு போட்டோ கொடுத்துவைத்தால் அது வீண் போகாது.

ஆள் கிடைத்ததும் முதலில் தண்ணீர், அப்புறம் உள்ளங்காலைப் பாருங்கள். செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடந்திருப்பார். தேடிக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள். அம்மாவின் சுருக்குப்பையிலோ அப்பாவின் சட்டைப்பையிலோ பஸ் டிக்கெட் இருந்தால் எறிந்துவிடாமல் அந்த நோட்டில் ஒட்டிவையுங்கள். எங்கே ஏறினார், எதுவரை போனார் என்று அதில் இருக்கும். அடுத்த தடவை முதல் ஆளை அங்கே அனுப்பலாம்.